எட்டாவது தாளில் ஒன்பது

கொசு உட்காரவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தான். ஆறடி உயரம், அதற்கேற்ற சுற்றளவு. இந்த உடம்புக்கு இப்படி ஒரு பெயரா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். அவன் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டால் பிறகு கேட்க மாட்டார்கள். காதருகே ஓயாத சத்தம்.

"டீச்சர், மின்விசிறி கூட சும்மா சுத்தாம ஏதோ முனகுது. நாம ரெண்டு பேரும் வேலையில்லாம இருக்கறதைப் பத்தித்தான் பேசுதுன்னு நினைக்கிறேன்."

டீச்சர் நிமிரவில்லை. பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக் கொடுத்தவள், அதை விட்டுவிட்டுத் துப்பறிய வந்தாள். வேலை மாறியது. பெயர் மாறவில்லை.

கதவு தட்டப்படாமலே திறந்தது. உள்ளே வந்த பெண் பிளாஸ்டிக் உறை ஒன்றை நெஞ்சோடு அணைத்திருந்தாள். மற்றொரு கை கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தது.

"துப்பறியறது நீங்கதானே? நாலு மணிக்குள்ள துப்பறிய முடியுமா?"

"எந்த நாலு மணி?" என்றான் கொசு.

"இன்னிக்கு நாலு மணி."

கொசு கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்றரை. நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டான். அவளும் உட்காரவில்லை.

"என் வீட்டுக்காரர் லிப்ட் பரிசோதகர்" என்றாள். "போன வாரம் ஒரு கட்டடத்துல ரெண்டாம் நம்பர் லிப்ட் அறுந்து விழுந்த மாதிரி மூணு மாடி இறங்கிடுச்சு. உள்ள தண்ணி கேன் போடறவர் இருந்தார். ரெண்டு காலும் முறிஞ்சு ஆஸ்பத்திரியில கிடக்கார். அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் இவர் அந்தக் கட்டடத்து லிப்ட்டை எல்லாம் பரிசோதிச்சு அறிக்கை குடுத்திருக்கார்."

"அறிக்கையில என்ன இருக்கு?"

"அதான் வினையே. ஒண்ணாம் நம்பர் லிப்ட்டோட பிரேக்கைப் பத்தி எழுதியிருக்கு. மூணாம் நம்பருக்கும் எழுதியிருக்கு. ரெண்டாம் நம்பருக்கு மட்டும் பிரேக்கைப் பத்தி ஒரு வரி இல்ல. பாக்காமலே பாத்தேன்னு கையெழுத்துப் போட்டுட்டார்ங்கறாங்க. இன்னிக்கு அந்தக் கட்டடத்துலயே விசாரணை, நாலு மணிக்கு முடிவு சொல்லிடுவாங்க. லைசென்ஸ் போகும். அதோட விடுவாங்களா? கேஸ் போட்டு உள்ள வைப்பாங்க."

"அவர் என்ன சொல்றார்?"

"பாத்தேன், இந்த லிப்ட் ஓடவே கூடாதுன்னு எழுதினேன்னு சொல்றார். நான் நம்பறேன். நான் நம்பி என்ன ஆகப்போகுது? ஆள் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கறார். சோத்துத் தட்டைக் கையில வச்சுக்கிட்டே நடக்கறார்."

"அவர்கிட்ட பிரதி இருக்குமே" என்றாள் டீச்சர்.

"இல்லீங்க. எந்தக் கட்டடத்துக்குப் போறாரோ அந்த ஆபீஸ் கம்ப்யூட்டர்லயே உக்காந்து அடிச்சு, அங்கயே அச்செடுத்துக் குடுத்துட்டு வந்துடுவார். வீட்டுக்கு ஒரு காகிதம் வரக் கூடாதுன்னு நான்தான் சட்டம் போட்டேன். கட்டிலுக்கு அடியில, அரிசி டின்னுக்கு மேலன்னு எங்க பாத்தாலும் காகிதம். பொறுக்க முடியலைங்க."

"கையெழுத்து ஒவ்வொரு தாள்லயும் இருக்குமா?"

"முன்னாடி வைக்கிற முகப்புத் தாள்ல மட்டும். பின்னாடி அறிக்கையைச் சேத்து கிளிப் போட்டுடுவாங்க."

"அதாவது பெட்டிக்குப் பெரிய பூட்டா போட்டுட்டு, அடிப்பலகையே வைக்காம விட்டாச்சு" என்றான் கொசு.

அவள் அவனை முறைத்தாள். பிறகு உறையிலிருந்து நகலை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது அவர் குடுத்த அறிக்கை இல்லைன்னு பாத்த உடனே எனக்குத் தெரிஞ்சுடுச்சு. பக்க எண் இல்ல."

"பக்க எண் போட மறந்திருக்கலாமே?"

"இவரா? எங்க கல்யாணப் பத்திரிகைக்கே பக்க எண் போட்ட மனுஷன். அட்டை ஒண்ணு, உள்ள ரெண்டு, மூணு. மளிகைச் சீட்டு ஒரே தாள்தான். அதுலயும் கீழ ஒண்ணுன்னு இருக்கும்."

கொசுவால் அடக்க முடியவில்லை. "காதல் கடிதம் எழுதியிருக்காரா?"

"ஒண்ணே ஒண்ணு. நாலு பக்கம். மூணாம் பக்கத்தை நான் தொலைச்சுட்டேன். இன்னி வரைக்கும் கேக்கறார்."

சொல்லும்போதே அவள் கைப்பையின் வாரை இன்னும் ஒரு சுற்று முறுக்கினாள்.

டீச்சர் தாள்களைப் புரட்டினாள். அவள் எழுத்துகளைப் படிக்கவில்லை. ஒவ்வொரு தாளின் அடியையும் பார்த்தாள். வெறுமை. வெறுமை. திடீரென்று அவள் விரல் நின்றது.

முகப்புத் தாளைத் தள்ளி, மேலிருந்து எட்டாவது தாள். அடியில், நடுவில், சின்னதாக ஓர் எண்.

ஒன்பது.

அதற்குப் பிறகு வந்த தாள்களில் மறுபடி ஒன்றுமில்லை.

"முடிஞ்சது டீச்சர்!" கொசு மேசையைத் தட்டினான். "நடுவுல ஒரு பக்கத்தை உருவிட்டான். உருவினா எண் இடிக்கும். ஏழுக்கு அப்புறம் ஒன்பது வரும். அதனால எல்லா எண்ணையும் எடுத்துட்டான். அவசரத்துல ஒண்ணை மறந்துட்டான். இதை அப்படியே அதிகாரிகிட்ட காட்டினா..."

"பழைய எண் ஒண்ணு தப்பா நின்னிருக்கும்னு சொல்லித் தூக்கிப் போட்டுடுவார்" என்றாள் பரிசோதகரின் மனைவி. "காட்டிட்டோம். அப்படித்தான் சொன்னார். பக்க எண் கூட ஒழுங்கா போடத் தெரியாதவர் லிப்ட்டை எப்படிப் பாத்திருப்பார்னு சிரிச்சார்."

டீச்சர் எழுந்து செருப்பை மாட்டினாள்.

"பக்கத்துல எந்தக் கடையில கம்ப்யூட்டர் இருக்கு?"

*

ஜெராக்ஸ் கடை ஒரு ஆள் அகலம்தான் இருந்தது. கொசு உள்ளே நுழைந்ததும் கடைக்காரர் வெளியே வர வேண்டியதாயிற்று. வாசலில் நின்றபடி, "சார், கீபோர்டு புதுசு, பாத்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"ஏதாவது அடி. பத்துப் பக்கம் வரணும்" என்றாள் டீச்சர்.

கொசு 'கொசு நல்லவன்' என்று அடித்தான். அதை நகலெடுத்து ஒட்டினான். மறுபடி ஒட்டினான். திரையில் கொசு பத்துப் பக்கத்துக்கு நல்லவனாக இருந்தான்.

"பக்க எண் போடு. போட்டாச்சா? இப்போ எட்டாவது பக்கத்தை மொத்தமா அழி."

அழித்தான். கீழே போய்ப் பார்த்தான். மேலே வந்தான். மறுபடி கீழே போனான்.

"என்ன டீச்சர் இது? எண் இடிக்கவே இல்லையே. ஏழுக்கு அப்புறம் எட்டு ஒழுங்கா நிக்குது."

"தானே சரி பண்ணிக்கும். மெஷின் எண்ணிப் போடற எண். நாம போட்டது இல்ல."

"அப்போ பக்கத்தை உருவினவன் எண்ணைத் தொட்டே இருக்க வேண்டாம்."

"தொடாம இருந்திருந்தா யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது."

வாசலில் நின்ற மனைவி தலையை உள்ளே நீட்டினாள். "அப்புறம் எதுக்கு எடுத்தாங்க?"

"அதுக்கு முன்னாடி இன்னொண்ணு." டீச்சர் கொசுவின் தோளைத் தொட்டாள். "எல்லா எண்ணையும் எடு. ஒரு பக்கத்துல மட்டும் மறந்து விட்டுடு."

"இது ஒரு வேலையா?" கொசு ஒரு பக்கத்தின் அடியில் இருமுறை தட்டி, எண்ணைத் தேர்ந்து அழித்தான். அடுத்த பக்கத்துக்குப் போனான். அங்கே எண் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை.

"எல்லாம் போயிடுச்சே!"

"திரும்பக் கொண்டு வா. இன்னொரு தடவை."

கொண்டு வந்தான். இந்த முறை கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கினான். ஒன்றை அழித்ததும் பத்தும் போயின. மூன்றாவது முறை மெதுவாக, எண்ணுக்குத் தெரியாமல் அழிப்பவன் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு அழித்தான். அப்போதும் எல்லாம் போயின.

"சார், அந்த பட்டனை அவ்வளவு வேகமா குத்தாதீங்க" என்றார் கடைக்காரர்.

"ஒண்ணை எடுத்தா மொத்தமும் கூடவே போகுது" என்றான் கொசு. நெற்றியில் வியர்வை. "மறக்கவே முடியாது போலிருக்கே!"

"முடியாது. ஒண்ணை மட்டும் நிக்க வைக்கணும்னா, அந்தப் பக்கத்துக்கு முன்னாடி ஒரு வெட்டு, பின்னாடி ஒரு வெட்டு. ஆவணம் மூணு துண்டாகும். அப்பவும் துண்டுகளுக்கு நடுவுல இணைப்பு இருக்கும். அதைத் தனித்தனியா அறுக்கணும். அதுக்கப்புறம்தான் முதல் துண்டுலயும் கடைசித் துண்டுலயும் எண்ணை எடுக்க முடியும்."

பேசிக்கொண்டே டீச்சர் அதைச் செய்து காட்டினாள். எட்டாவது தாளின் அடியில் ஓர் எண் தனியாக நின்றது. எட்டு.

"ஒன்பதுதானே இருந்தது?" என்றாள் மனைவி.

"ஆமா. இது மெஷின் எண்ணற எண். எட்டாவது தாள்னா எட்டுன்னுதான் காட்டும். ஒன்பதுன்னு காட்டணும்னா, இங்கேருந்து ஒன்பதுன்னு தொடங்குன்னு அதுக்குத் தனியா சொல்லணும்."

கொசு கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தான். முதல்முறையாக நகராமல் நின்றான்.

"மறதிக்கு இவ்வளவு உழைப்பா டீச்சர்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

கட்டடத்துக்கு நடந்தார்கள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது, ஆனால் பெய்யவில்லை. கொசு முன்னே ஓடுவதும் திரும்பி வருவதுமாக இருந்தான்.

"அந்த ஆபீஸ் கம்ப்யூட்டரை யார் யார் தொடுவாங்க?" என்று கேட்டாள் டீச்சர்.

"ரெண்டே பேர்தான்" என்றாள் மனைவி. "மேனேஜரும் டைப்பிஸ்டும். மேனேஜர் மவுஸைப் பிடிக்கறதைப் பாத்தா உயிருள்ள எலியைப் பிடிக்கிற மாதிரி இருக்கும்னு இவர் சொல்லுவார். எல்லா வேலையும் அந்தப் பொண்ணுதான். மேனேஜரோட மச்சினி. அக்கா வீட்டுலயேதான் இருக்கா."

"போச்சு!" கொசு விரலைச் சொடுக்கினான். "வெட்டு, அறுப்பு எல்லாம் தெரிஞ்சவ அவதான். அப்போ குற்றவாளியும் அவதான். அக்கா புருஷனுக்காகப் பண்ணியிருக்கா. சோறு போடற வீடாச்சே."

டீச்சர் நடையை எட்டிப் போட்டாள்.

*

அலுவலகம் ஐந்தாம் மாடியில். கீழே வாசலருகே மூன்று லிப்ட்டுகள் வரிசையாக இருந்தன. இரண்டாவதின் கதவுக்குக் குறுக்கே பலகை அடித்திருந்தார்கள். அதன் முன்னால் நசுங்கிய தண்ணீர் கேன் ஒன்று இன்னும் கிடந்தது. யாருக்கும் அதை எடுக்கத் தோன்றவில்லை.

"நான் படியில வர்றேன்" என்றான் கொசு. "இந்த உடம்பை நம்பி எந்தக் கயிறும் பிறக்கல."

அவன் மேலே வந்து சேர்ந்தபோது விசாரணை முடியும் தறுவாயில் இருந்தது.

விசாரணை அதிகாரி பேனாவைத் திறந்து வைத்திருந்தார். மேனேஜர் இஸ்திரி மடிப்பு கலையாத சட்டையில், எல்லோருக்கும் நாற்காலி நகர்த்திக்கொண்டிருந்தார். பரிசோதகர் ஒல்லியான மனிதர். ஜன்னலோரம் நாலடி போய் நாலடி வந்துகொண்டிருந்தார். மூலை மேசையில் கம்ப்யூட்டர். அதன் முன்னால் டைப்பிஸ்ட் பெண். கை மவுஸின் மேல் இருந்தது. கை அசையவில்லை.

"நீங்க யாரு?" என்றார் அதிகாரி.

"இவருக்காகப் பேச வந்திருக்கோம்" என்றாள் டீச்சர். "கொஞ்ச நேரம் போதும்."

"பேச என்ன இருக்கு? பிரேக்கை இவர் பாக்கல. பாத்திருந்தா எழுதியிருப்பார்."

"எழுதினேன் சார்" என்றார் பரிசோதகர், நடந்துகொண்டே. "எட்டாம் பக்கம். பிரேக் கட்டை தேஞ்சு போச்சுன்னு எழுதினேன்."

"பக்க எண்ணே இல்லாத அறிக்கையில எட்டாம் பக்கத்தை எங்க போய்த் தேடறது?"

மேனேஜர் வருத்தமாகச் சிரித்தார். "நல்ல மனுஷன் சார். வேலைப் பளு. அன்னிக்கு அவசரத்துல இருந்தார்."

டீச்சர் அவர் பக்கம் திரும்பினாள். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா? பொதுவாத்தான். ஒரு அறிக்கையில நடுவுல ஒரு பக்கம் வேண்டாம்னு எடுத்துட்டா, பக்க எண் என்ன ஆகும்?"

"எண் இடிக்குமே. எல்லாத்தையும் மாத்தி அடிக்கணும். பெரிய வேலை. அதுக்கு எண்ணையே எடுத்துடறது சுலபம்."

வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த கொசுவுக்கு இருமல் வந்தது. இருமலா சிரிப்பா என்று சொல்ல முடியாது.

"இல்ல சார்" என்றாள் டீச்சர். "எதையும் மாத்த வேண்டாம். மெஷினே சரி பண்ணிக்கும். பெரிய வேலைன்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"இவதான் சொன்னா. அன்னிக்கு..."

மேனேஜர் நிறுத்தினார். சுட்டிய விரல் டைப்பிஸ்டின் பக்கம் அப்படியே நின்றது.

"எந்தப் பக்கத்தை எடுக்கறதைப் பத்தி அன்னிக்குப் பேச்சு வந்தது?"

அதிகாரி பேனாவை மூடினார்.

"அது... வேற ஏதோ கடிதம்." மேனேஜரின் குரல் வேகமெடுத்தது. "சார், உண்மையைச் சொல்லிடறேன். எல்லா டைப்பும் இவதான் பண்றா. என் மச்சினி. சின்னப் பொண்ணு. எதையாவது தெரியாம அழிச்சிருப்பா. சொந்தம்ங்கறதால வெளிய சொல்லாம இருந்தேன். ஏம்மா, சொல்லேன். தெரியாமதானே அழிச்சே?"

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள்.

"சொல்லு" என்றார் மேனேஜர். "அக்காவை நினைச்சுக்கிட்டுச் சொல்லு."

"தெரியாமதான் மாமா" என்றாள் அவள். குரல் மேசையைத் தாண்டி வரவில்லை.

கொசு டீச்சரின் காதருகே குனிந்தான். "சொன்னேன்ல? இவதான்."

டீச்சர் அவனை ஒதுக்கிவிட்டு மூலை மேசைக்குப் போனாள். நகலின் எட்டாவது தாளை மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் வைத்தாள்.

"இந்த ஒன்பதை நிக்க வைக்க எவ்வளவு நேரம் ஆச்சும்மா?"

அந்தப் பெண் தாளைப் பார்த்தாள். அதைத் தொட்டாள். அடியில் இருந்த எண்ணின் மேல் விரலை வைத்து, எடுக்காமல் இருந்தாள்.

"சார்," டீச்சர் அதிகாரியிடம் திரும்பினாள், "பக்கத்தை எடுக்கணும்னு நினைச்சவருக்கு எண்ணை எடுக்க வேண்டிய அவசியம் இல்ல. எண்ணை எடுத்ததாலதான் நாம எல்லாரும் இங்க வந்து நிக்கறோம். மறதியா ஒரு எண் நிக்காது. ஒண்ணு போனா எல்லாமே போகும். யாரோ உக்காந்து, வெட்டி, அறுத்து, இந்த ஒரு எண்ணை வேணும்னே நிக்க வச்சிருக்காங்க. இதுக்கு முன்னாடி ஒரு பக்கம் காணோம்னு சொல்றதுக்கு. இந்த அறையில ரெண்டு கை வேலை செஞ்சிருக்கு. ஒருத்தருக்கு அந்தப் பக்கம் வேண்டாம். இன்னொருத்தருக்கு அது திரும்பக் கிடைக்கணும்."

பரிசோதகர் நடப்பதை நிறுத்தினார்.

"கிடைக்கணும்னு இவ்வளவு பாடுபட்டவங்க அதைத் தூக்கி எறிஞ்சிருக்க மாட்டாங்க" என்றாள் டீச்சர். "அச்சுத் தாள் வேண்டாம். அந்தக் கோப்பைத் திறக்கச் சொல்லுங்க."

"எதுக்கு?" மேனேஜர் அதிகாரிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் வந்தார். "அச்சுல இருக்கறதுதான் அதுலயும் இருக்கு. நானே பாத்தேன். அந்தப் பக்கம் இல்ல."

"எந்தப் பக்கம்?" என்றான் கொசு. அன்று முழுவதும் அவன் பேசியதிலேயே சுருக்கமான பேச்சு அதுதான்.

"திறங்க" என்றார் அதிகாரி.

டைப்பிஸ்ட் திறந்தாள். அறிக்கை திரையில் ஓடியது. ஏழாவது தாளில் இரண்டாம் நம்பர் லிப்ட்டின் கயிறு, கதவு. எட்டாவது தாளில் மூன்றாம் நம்பர் லிப்ட். அதன் அடியில் ஒன்பது. நடுவில் ஒன்றுமில்லை.

மேனேஜர் மூச்சை விட்டார்.

"மேல ஒரு பட்டன் இருக்கு" என்றாள் அந்தப் பெண், யாரையும் பார்க்காமல். "கண்ணாடியில பாத்த இங்கிலீஷ் பி எழுத்து மாதிரி இருக்கும். அதை அழுத்தணும்."

"நீயே அழுத்தும்மா."

"என்னால முடியல மேடம்."

டீச்சர் மவுஸைத் தொடவில்லை. "நான் அழுத்தினா நான் செருகினேன்னு சொல்லுவாங்க. சார், நீங்க வாங்க."

அதிகாரி எழுந்து வந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பட்டனைத் தேடி அழுத்தினார்.

ஏழாவது தாளுக்கும் ஒன்பது எண் நின்ற தாளுக்கும் நடுவில் இடம் விரிந்தது. மூடிய கதவு திறப்பதுபோல வரி வரியாக எழுத்துகள் வந்தன. ஒவ்வொரு வரிக்கும் அடியில் புள்ளிக்கோடு. எட்டாவது பக்கம் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது.

அதிகாரி உரக்கப் படித்தார்.

"'இரண்டாம் எண் லிப்ட். பிரேக் கட்டைகள் இரண்டும் தேய்ந்துவிட்டன. மாற்றும்வரை இந்த லிப்ட் ஓடக் கூடாது. மேனேஜரிடம் நேரில் சொன்னேன். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். இன்றே நிறுத்த வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.'"

ஜன்னலுக்கு வெளியே இவ்வளவு நேரம் தயங்கிக்கொண்டிருந்த மழை பெய்யத் தொடங்கியது.

"கடைசியா சேமிச்ச தேதியைப் பாருங்க" என்றாள் டீச்சர்.

அதிகாரி பார்த்தார். "விபத்து நடந்த அன்னிக்குச் சாயங்காலம்." பரிசோதகரை நோக்கித் திரும்பினார். "அன்னிக்கு நீங்க இங்க வந்தீங்களா?"

"அறிக்கை குடுத்ததுக்கு அப்புறம் இன்னிக்குத்தான் சார் வர்றேன்."

"மாமா அழிச்சுடுன்னு சொன்னார்" என்றாள் டைப்பிஸ்ட். இப்போது குரல் மேசையைத் தாண்டி வந்தது. "பக்கத்துலயே நின்னார். அழிக்கல, மறைச்சு வச்சேன். மறைச்சா திரையில தெரியாது, அச்சுலயும் வராது. அவர் பாத்துட்டுப் போயிட்டார், அழிஞ்சுடுச்சுன்னு. எண் ஏன் இல்லைன்னு கேட்டார். பக்கத்தை எடுத்தா எண் இடிக்கும் மாமா, எடுத்துட்டேன்னு சொன்னேன். நம்பிட்டார். முகப்பை மட்டும் விட்டுட்டு, பரிசோதகர் அச்செடுத்த பழைய தாளை எல்லாம் மாமாவே கிழிச்சுட்டார்."

"இவ்வளவு பண்ணினவ வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே?" என்றார் அதிகாரி.

"அவங்க வீட்டுலதான் சார் சாப்பிடறேன். அக்காவுக்கு ரெண்டு குழந்தைங்க. நானா சொல்ல வாய் வரல. யாராவது கண்டுபிடிச்சுக் கேட்டா சொல்லிடலாம்னு இருந்தேன். அந்த அறிக்கையை நீங்க படிச்சீங்க. இன்ஷூரன்ஸ்காரங்க படிச்சாங்க. கட்டட முதலாளி படிச்சார். எட்டாவது தாள்ல ஏன் ஒன்பது இருக்குன்னு என்கிட்ட யாருமே கேக்கல."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

மேனேஜர் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்களுக்காக அவர் நகர்த்திப் போட்ட நாற்காலிகளில் ஒன்றில்.

"உன்னை என் வீட்டுல வச்சதுக்கு..." என்று தொடங்கினார்.

"போதும்" என்றார் அதிகாரி. "மிச்சத்தை போலீஸ்கிட்ட சொல்லுங்க. அம்மா, அந்தப் பக்கத்தோட சேத்து எல்லாத்தையும் அச்செடு."

அச்சு இயந்திரம் முனகியது. தாள்கள் சூடாக வந்து விழுந்தன. பரிசோதகர் அவற்றை எடுத்து, விளிம்பு தட்டி அடுக்கினார். மேசையிலிருந்த பேனாவை எடுத்தார். ஒவ்வொரு தாளின் அடியிலும் எழுதத் தொடங்கினார். ஒன்று. இரண்டு. மூன்று. எட்டு எழுதியபோது கொஞ்சம் நிறுத்தினார். அச்சில் இருந்த ஒன்பதைத் தொடாமல் விட்டார். பத்து எழுதினார்.

அவர் மனைவி அவர் பக்கத்தில் போய் நின்றாள். கைப்பையின் வார் மெல்லப் பிரிந்து தொங்கியது.

மூலை மேசையில் கைபேசி ஒளிர்ந்தது. 'அக்கா' என்றது திரை. டைப்பிஸ்ட் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நின்றது. மறுபடி அடித்தது.

"எங்க வீட்டுல ஒரு ரூம் காலியா இருக்கும்மா" என்றாள் பரிசோதகரின் மனைவி. "வேற இடம் கிடைக்கிற வரைக்கும் வந்து இரு. ஒரே ஒரு சட்டம். காகிதம் மட்டும் கொண்டு வரக் கூடாது."

அந்தப் பெண் தலையாட்டினாள். கைபேசியை எடுத்தாள்.

"அக்கா, மாமா போன் பண்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். நீ முதல்ல உக்காரு."

மற்றவர்கள் அவளைத் தனியாக விட்டுவிட்டு வெளியே வந்தார்கள். கொசு படிக்கட்டைப் பார்த்தான். ஐந்து மாடி. முழங்காலைத் தடவிக்கொண்டான்.

"ஒண்ணாம் நம்பர் லிப்ட் நல்லா இருக்கு" என்றார் பரிசோதகர். "பக்கம் மூணு."

கொசு அவர் கையிலிருந்த அறிக்கையை வாங்கினான். தாள்களின் அடியைப் பார்த்துக்கொண்டே புரட்டி, மூன்றைக் கண்டுபிடித்தான். பிரேக் என்ற இடத்தில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தான். நான்கையும் புரட்டிப் பார்த்தான்.

பிறகு லிப்ட்டின் பட்டனை அழுத்தினான்.